ஷெஃபீல்டு – ஹாலம் காற்பந்தாட்டம் (1860)

ஷெஃபீல்டு – ஹாலம் காற்பந்தாட்டம் என்பது 1860 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரை ஒட்டிய சாண்டிகேட் திடலில் நடைபெற்ற ஆட்டமாகும். அருகருகே அமைந்த ஷெஃபீல்டு, ஹாலம் என்னும் இரு பொழுதுபோக்குக் கழகங்கள் இதில் மோதின. ஷெஃபீல்டு அணி 2–0 என்ற கணக்கில் வென்றது. இரு காற்பந்துக் கழகங்களுக்கு இடையே நடைபெற்றதாகப் பதிவாகியுள்ள முதல் ஆட்டமாக இது கருதப்படுகிறது. இக்கழகங்களுக்கு இடையிலான போட்டி பின்னர் 'விதிகளின் டெர்பி' எனப் பெயர் பெற்றது.

பின்னணி

விக்டோரியா அரசியின் ஆட்சியின் தொடக்கத்தில் காற்பந்துக்கெனப் பொதுவான விதிகள் இல்லை. ஈட்டன், ஹாரோ, ரக்பி போன்ற பள்ளிகள் ஒவ்வொன்றும் தத்தம் விதிப்படி ஆடின. ஒரு பள்ளியில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். மற்றொன்றில் அது தவறு. ஆகவே வெவ்வேறு இடங்களைச் சேர்ந்த இரு அணிகள் மோத வேண்டுமாயின், எந்த விதிப்படி ஆடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

1857 அக்டோபர் 24 அன்று நத்தானியேல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் ஆகிய இருவரும் ஷெஃபீல்டு காற்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்தனர். இன்றளவும் இயங்கிவரும் காற்பந்துக் கழகங்களுள் இதுவே உலகில் மிகப் பழமையானது. எதிரணி கிடைக்காமையால் உறுப்பினர்கள் தமக்குள்ளேயே, மணமானோர் ஓர் அணி, மணமாகாதோர் ஓர் அணி என்பது போலப் பிரிந்து ஆடினர். 1860இல், ஹாலம் துடுப்பாட்டக் கழகத்தினர் தங்களுக்கும் ஒரு காற்பந்துக் கழகம் அமைத்து, ஷெஃபீல்டின் விதிகளையே ஏற்றுக்கொண்டனர். இதனால் ஷெஃபீல்டுக்கு முதன்முறையாக ஓர் அண்டை எதிரணி கிடைத்தது.

விதிகள்

ஷெஃபீல்டு விதிகள் 1858இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டு அச்சிடப்பட்டன. அவற்றுள் சில:

* பந்தைக் கையால் தள்ளலாம் அல்லது அடிக்கலாம். ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது.
* எதிரியைக் கைகளால் தள்ளலாம். காலில் உதைப்பதோ இடறி வீழ்த்துவதோ கூடாது.
* ஒவ்வோர் ஆட்டக்காரரும் சிவப்பு, கருநீலம் ஆகிய இரு நிறங்களிலும் தொப்பி வைத்திருக்க வேண்டும். ஓரணியினர் ஒரே நிறத் தொப்பியை அணிந்து ஆட வேண்டும்.

தொடக்க விதிகளில் 'ஆஃப்சைடு' என்பதே இல்லை. ஆகவே எதிரணியின் கோலுக்கு அருகிலேயே நின்று பந்துக்காகக் காத்திருப்பது தவறாகக் கருதப்படவில்லை. மூலை உதை போன்ற சில வழக்கங்கள் ஷெஃபீல்டிலிருந்தே பொது விதிகளுக்குள் புகுந்தன.

முதல் ஆட்டம்

ஆட்டம் நடந்தது கிறிஸ்துமசுக்கு மறுநாள். திடலில் பனி படிந்திருந்தது. வெண்பனியின் மேல் ஷெஃபீல்டு அணியின் சிவப்பு, வெள்ளை உடைகளும் ஹாலம் அணியின் நீல உடைகளும் அழகாகத் தோன்றியதாக அன்றைய செய்தித்தாள் குறிப்பிட்டது. யாருக்கும் பெருங்காயம் இல்லை. ஆட்டம் நட்புடன் முடிவுற்றது.

பிரமால் லேன் ஆட்டம் (1862)

இரு கழகங்களும் 1862 டிசம்பர் 29 அன்று பிரமால் லேன் திடலில் மீண்டும் மோதின. 1855இல் துடுப்பாட்டத்திற்காகத் திறக்கப்பட்ட அத்திடலில் நடந்த முதல் காற்பந்தாட்டம் இது. கோல் எதுவும் விழவில்லை. ஆட்டத்தின் நடுவே கிரெஸ்விக்கின் கை ஹாலம் ஆட்டக்காரர் வாட்டர்ஃபால் மீது பட்டது. சினமுற்ற அவர் தம் மேற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். கிரெஸ்விக் திருப்பி அடிக்கவில்லை எனச் செய்தித்தாள் எழுதியது.

கைகலப்பு வரை சென்ற இவ்வாட்டம் ஓர் அறப்பணிக்காக நடத்தப்பட்டதாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் (1861–1865) அந்நாட்டுப் பருத்தியின் வரவு தடைப்பட்டு, லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. வேலையிழந்து பசியில் வாடிய நெசவாலைத் தொழிலாளர்களுக்கான துயர்துடைப்பு நிதிக்கே இவ்வாட்டத்தின் வருவாய் திரட்டப்பட்டது.

அதே பருத்திப் பஞ்சம் தமிழகத்தில் வேறு விளைவைத் தந்தது. ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடியதால் அதன் விலை ஏறியது. சங்கரன்கோவில், கோவில்பட்டி வட்டாரங்களை உள்ளடக்கிய கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி, 'தின்னவேலி' என்ற வணிகப் பெயருடன் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானது. போர் முடிந்து அமெரிக்கப் பருத்தி திரும்பியதும் விலை வீழ்ந்தது. ஷெஃபீல்டில் நிதி திரட்டக் காரணமாயிருந்த தட்டுப்பாடே கரிசல் உழவருக்குச் சில ஆண்டுகள் நல்விலை தந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் பதிவாகியுள்ள தொடக்ககால ஆட்டங்களுள் ஒன்று, 1854 ஏப்ரலில் கல்கத்தாவின் எஸ்பிளனேடு திடலில் நடைபெற்றது. கல்கத்தாவின் குடிமைப் பணியினர் கழகமும் அருகிலுள்ள பாரக்பூரைச் சேர்ந்த அணியும் அதில் ஆடின. இரண்டுமே ஆங்கிலேயர் அணிகள். இந்தியர்கள் தமக்கெனக் கழகங்கள் அமைத்து வெல்லச் சில பத்தாண்டுகள் ஆயின. 1892இல் சோவாபஜார் கழகம் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை 2–1 என வீழ்த்தியது. 1911 சூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை அதே 2–1 கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது.

பிற்காலம்

1863இல் லண்டனில் காற்பந்துச் சங்கம் அமைந்து தனி விதிகளை வகுத்தது. 1877இல் ஷெஃபீல்டு விதிகள் அவற்றுடன் இணைந்தன. ஹாலம் அணி 1867இல் யூடன் கோப்பையை வென்றது. இது உலகின் முதல் காற்பந்துக் கோப்பைப் போட்டியாகக் கருதப்படுகிறது. சாண்டிகேட் திடலை உலகின் மிகப் பழைய காற்பந்துத் திடலாகக் கின்னஸ் நூல் ஏற்றுள்ளது. 2004இல் பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பு தன் நூற்றாண்டையொட்டி ஷெஃபீல்டு கழகத்திற்குச் சிறப்பு விருது வழங்கியது. அப்போது இவ்விருதைப் பெற்ற மற்றொரு கழகம் ரியல் மாட்ரிட் ஆகும்.