மாதக்கணக்கில் நின்ற டிராக்டர் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை? கோடை மழைக்கு முன் கவனிக்க வேண்டியவை

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தை, மாசியோடு மரவள்ளி லோடு அடிக்கும் வேலை குறைந்துவிடும். அதன் பிறகு பல வீடுகளில் டிராக்டர் கொட்டகையில்தான் நிற்கும். சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்ததும் கோடை உழவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுப்போம். நம் பகுதிச் செம்மண்ணில் மழை ஈரம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காது. அந்த நாளில் செல்ஃப் எடுக்காமல் போனால் உழவு தள்ளிப்போகும். வாடகை வண்டி தேடினாலும் அன்றைக்குச் சுலபமாகக் கிடைக்காது.

நன்றாக ஓடிய வண்டி சும்மா நின்றதால் எப்படிக் கெடுகிறது? பெரும்பாலும் பழுது எஞ்சினில் இருக்காது. பேட்டரி, டீசல் வரும் பாதை, கிளட்ச், எலி ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

முதல் காரணம் பேட்டரி

டீசல் எஞ்சினில் காற்றை மிக அதிகமாக அழுத்தினால்தான் டீசல் பற்றும். அதற்கு எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும். செல்ஃப் மோட்டார் ஒரு சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். ஹாரனும் விளக்கும் வேலை செய்வதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். விளக்குக்குப் போதுமான சார்ஜ் செல்ஃப் மோட்டாருக்குப் போதாது.

எதிலும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மார்ச் முதல் மே வரை நம் பகுதி வெயிலில், தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டியின் பேட்டரி சீக்கிரம் இறங்குவது இதனால்தான்.

மீட்டரில் இருக்கும் கடிகாரம், பாட்டுப் பெட்டி, ஜி.பி.எஸ். கருவி ஆகியவை சாவியை எடுத்த பிறகும் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். ஒரு கணக்குப் பாருங்கள். இவை சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரி 75 ஆம்பியர்-மணி என்றால் ஒரே மாதத்தில் பாதி காலி. வீட்டில் சும்மா நிற்கும் காருக்கும் இதே கணக்குதான்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவு கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய திறன் திரும்பாது. நின்றுபோன வண்டிக்குப் புது பேட்டரி வாங்க நேர்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். வண்டியை நிறுத்தி மூன்று நான்கு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும்.

• 12.6 வோல்ட்: முழு சார்ஜ்
• 12.4 வோல்ட்: முக்கால் பங்கு. இதற்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள்
• 12.2 வோல்ட்: பாதி
• 12.0 வோல்ட்: கால் பங்குதான் மீதம்

டீசல் பாதையில் காற்றும் தண்ணீரும்

டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் மேலே உள்ள வெற்றிடத்தில் காற்று நிற்கும். இரவுக் குளிர்ச்சியில் அதில் உள்ள ஈரம் சொட்டுச் சொட்டாகி டீசலில் இறங்கும். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கி, முதலில் ஃபில்டருக்குத்தான் போகும். பழைய ரப்பர் குழாய், தளர்ந்த வாஷர் வழியாகக் காற்றும் உள்ளே புகும். காற்று புகுந்தால் பம்ப் டீசலைத் தள்ள முடியாது. இதைத்தான் ஏர் பிடித்துவிட்டது என்கிறோம்.

சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கலாம்

• சாவி திருப்பினால் சத்தமே இல்லை, விளக்கும் இல்லை: பேட்டரி முழுதாக இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் பூத்துப்போய் தொடர்பு விட்டிருக்கும்.
• விளக்கு எரிகிறது, செல்ஃபில் சத்தம் இல்லை: கிளட்ச்சை முழுதாக மிதித்து, கியரும் பி.டி.ஓ. லீவரும் நியூட்ரலில் உள்ளதா என்று பாருங்கள். பல டிராக்டர்களில் இதற்குப் பாதுகாப்பு சுவிட்ச் உண்டு.
• டிக் டிக் சத்தம் மட்டும் வருகிறது: பேட்டரியில் சார்ஜ் போதவில்லை.
• நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை: டீசல் வரவில்லை. எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் நாப் வெளியே இழுத்தபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து ஏர் எடுக்க வேண்டும்.
• சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது: டீசல் வருகிறது, ஆனால் சரியாகப் பற்றவில்லை. மெதுவாகச் சுற்றுவதோ டீசலில் தண்ணீரோ காரணமாக இருக்கலாம்.
• ஸ்டார்ட் ஆகிறது, கியர் விழவில்லை: துருவால் கிளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

செல்ஃபை ஒரு முறைக்கு 10 நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகிக் கருகும்.

ஏர் எடுப்பது எப்படி?

முதலில் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்து மூடுங்கள். பிறகு மேலே உள்ள திருகைத் தளர்த்தி, கை பம்பை அழுத்துங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். இது பழைய வகை பம்ப் உள்ள டிராக்டர்களுக்கு. 2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி வந்தபின், அவற்றில் பெரும்பாலும் சி.ஆர்.டி.ஐ. எஞ்சின்தான். அதில் இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தவே கூடாது. மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மெக்கானிக்கை அழையுங்கள்.

லாரி பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்காதீர்கள்

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வீட்டுக்கு வீடு லாரியும் ரிக் வண்டியும் நிற்கும். அவசரத்துக்கு அதிலிருந்து ஒயர் இழுக்கத் தோன்றும். கனரக லாரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் இருக்கும். டிராக்டருக்கும் காருக்கும் 12 வோல்ட்தான். 24 வோல்ட் கொடுத்தால் மீட்டரும் மின்னணுக் கருவிகளும் கருகும், பேட்டரி வெடிக்கவும் கூடும்.

12 வோல்ட் உள்ள இன்னொரு டிராக்டரிலிருந்து மட்டும் எடுங்கள். மோட்டார் ஒயர் போதாது, தடித்த ஜம்பர் கேபிள் வேண்டும். முதலில் பிளஸ்ஸுடன் பிளஸ். பிறகு நல்ல பேட்டரியின் மைனஸை, நின்ற வண்டியின் எஞ்சின் இரும்பில் பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் பீடி, தீப்பெட்டி வேண்டாம்.

இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவது பயன் தராது

வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்துவது பலரின் வழக்கம். ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜை ஈடுகட்டவே அந்த நேரம் சரியாகப் போய்விடும். நின்றபோது இறங்கிய சார்ஜ் திரும்ப ஏறாது. எஞ்சின் சூடாகாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும். பத்து நாளுக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்தால், கொஞ்சம் ரேஸ் வைத்து 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி வந்தால் கிளட்ச்சுக்கும் நல்லது.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால்

1. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும்.
2. டெர்மினலில் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து கழுவித் துடைத்து வேஸ்லின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது.
3. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். நம் பகுதி போர் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும்.
4. டீசல் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.
5. கிளட்ச் பெடலை அழுத்திப் பிடிக்கும் கொக்கி இருந்தால் மாட்டிவிடுங்கள்.
6. வைக்கோல், கடலைக்கொடி போர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அங்கே சேரும் எலி ஒயரைக் கடித்துவிடும்.
7. சைலன்சர் வாயை டப்பாவால் மூடுங்கள். எடுக்கும்போது டப்பாவை அகற்ற மறக்க வேண்டாம்.

பெட்ரோல் பவர் வீடர், ஸ்பிரேயர், புல் வெட்டும் கருவிகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகி அடைக்கும். எனவே பெட்ரோலை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள்.

மழை மேகம் திரண்ட பிறகு பேட்டரியைப் பார்ப்பதில் பயனில்லை. பங்குனி முடிவதற்குள் ஒரு நாள் வோல்ட் அளந்து, ஃபில்டர் தண்ணீரை வடித்து, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். குறை தெரிந்தாலும் சரிசெய்ய அப்போது நாள் இருக்கும். அதற்குப் பிறகும் வண்டி கைவிட்டால், உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை சேவையில் டிராக்டருக்கு முன்பதிவு செய்யலாம்.