கோளாய்வு ஆவணப்படங்களும் மூவகை அளவையும்

கோள்களையும் பேரண்டத்தையும் ஆராயும் முயற்சிகளைக் காட்டும் ஆவணப்படங்கள் இன்று தமிழ் உரையோடும் வெளிவருகின்றன. ஆவணம் என்பது சான்று. ஆயின், இப்படங்களில் காண்பன அனைத்தும் ஒரே தன்மையுடைய சான்றுகள் அல்ல. கண்டது எது, கருதியது எது, புனைந்தது எது எனப் பகுத்துணர நம் மரபில் கருவி உண்டா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

விழுப்புர மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரின் ஊராகும். அவர்தம் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞானசித்தியாரில், அளவைகளைப் பலவாகக் கொள்வார் கருத்தையும் சுட்டி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடிக்கின்றார். ஆங்கு உரை என்பது இறைநூலைக் குறிக்கும். யாம் அதனை நம்பத்தக்கார் கூற்று என விரித்துக்கொள்கிறோம்.

இப்பகுப்பைச் சந்திரயான்-3 திட்டத்தின் படக்காட்சிகளோடு பொருத்திக் காண்பாம். இதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பிறந்தவர். 2023 சூலை 14-ஆம் நாள் ஏவப்பெற்ற இக்கலத்தின் விக்ரம் என்னும் இறங்குகலம், ஆகத்து 23-ஆம் நாள் மாலை நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. அன்று நேரலையில் மக்கள் கண்ட, இறங்கும் கலத்தின் உருவம் ஒளிப்படம் அன்று. கலம் அனுப்பிய அளவீடுகளைக் கொண்டு கணிப்பொறி வரைந்த உருவமே அது, எனவே கருதலின்பாற்படும். கலத்தின் ஒளிப்படக் கருவி இறங்குகையில் பதிவுசெய்த நிலவின் தரைக்காட்சி மறுநாள் வெளியிடப்பெற்றது. அதுவே காண்டல்.

பிரக்யான் ஊர்தி நிலவின் மண்ணில் கந்தகத்தைக் கண்டது என்பதும் இத்தகையதே. ஊர்தி லேசர்க் கதிரைச் செலுத்த, சூடேறிய மண் உமிழ்ந்த ஒளியைப் பகுத்தே அறிஞர் அம்முடிவுக்கு வந்தனர். கந்தகத்தைக் கண் கண்டதில்லை. அதற்குரிய ஒளிக்கோடுகளையே கருவி கண்டது.

கருதல் என்றவுடன் அதனைத் தாழ்வாக எண்ணுதல் பிழை. திண்டிவனத்திற்குத் தெற்கேயுள்ள திருவக்கரையில் கல்லாகிய மரங்கள் கிடக்கின்றன. கல்லைக் காண்கிறோம், முன்னொரு காலத்து மரத்தைக் கருதி உணர்கிறோம். அக்கருதலை ஐயுறுவார் இலர்.

இடர் வேறிடத்தில் உள்ளது. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களுட் பல, தம் விண்மீனின் ஒளி சிறிது குன்றுவதைக் கொண்டே அறியப்பட்டவை. ஆவணப்படங்களோ அவற்றில் கடலும் மலையும் முகிலும் காட்டுகின்றன. இஃது ஓவியன் புனைவு. காண்டலும் அன்று, கருதலும் அன்று. இவ்விடத்தில் உரையாசிரியர் "இதோ அக்கோள்" என்பாராயின், உரை என்னும் அளவையே பழுதுபடும்; பின்னர் அவர் கூறும் உண்மையும் ஐயத்திற்கு இடமாகும்.

ஆதலின், தமிழ் உரை எழுதுவோர் காட்சிதோறும் 'ஒளிப்படம்', 'கணிப்புருவம்', 'புனைவுரு' என மூன்றனுள் ஒன்றைக் குறித்தல் வேண்டும் என்பது எம் கருத்து. புதிய கலைச்சொற்களைப் படைப்பது போலவே, அறியும் முறையைப் பிழையின்றி உணர்த்துவதும் அறிவியல் தமிழின் கடனாகும். அதற்கு வேண்டும் அடிப்படையை நம் அளவை நூல்கள் முன்னரே வகுத்து வைத்துள்ளன என்க.