கறுப்பு மருதாணி என்று ஒன்று இல்லை

2012 ஆகஸ்ட் மாதம், ரம்ஜானுக்கு முந்தைய இரவு. சென்னை உட்படத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெண்கள் மருதாணி வைத்த கையோடு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். கோனில் விஷம் கலந்திருக்கிறது என்று செல்போனில் கிளம்பிய வதந்தி, விடிவதற்குள் ஊர் ஊராகப் பரவிவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சிலருக்கு அரிப்பும் எரிச்சலும் இருந்தன. பெருநாள் வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது.

வதந்தி பொய்தான். ஆனால் கோனுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி பொய்யில்லை. அன்றிரவு பயந்தவர்கள், வைத்த உடனே ஏதோ ஆகிவிடும் என்று பயந்தார்கள். கெட்ட கோன் பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை. மூன்று நாளோ பத்து நாளோ கழித்து, கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தும் ஆன பிறகு, மணிக்கட்டில் கொடி வரைந்த இடத்தில் அதே கொடியின் வடிவத்தில் தோல் தடித்து எழும்பும். அரிக்கும், கொப்புளம் வைக்கும், நீர் வடியும். அதற்குள் கோனைக் குப்பையில் போட்டிருப்போம். மருதாணியைச் சந்தேகிக்கவும் தோன்றாது. விருந்தில் சாப்பிட்ட இறாலின் மேல் பழி விழும்.

தரங்கம்பாடிப் பக்கம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இது கல்யாணத் தாலுகா. பக்கத்திலேயே திருக்கடையூர், அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் நாள்தோறும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். பேத்திகளுக்குக் கையில் கோன் வேண்டும், தாத்தாவுக்குப் போட்டோவில் தலை கறுப்பாக இருக்க வேண்டும். இரண்டும் முந்தின நாள் சாயங்காலம்தான் நினைவுக்கு வரும். அந்த அவசரத்தை நம்பித்தான் கறுப்பு மருதாணி விற்கிறது.

இலையின் வேலை அவசரத்துக்கு ஆகாது. மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. அது தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ள மணிக்கணக்காகும். அரைத்து வைத்துவிட்டு ராத்திரி முழுக்க விடுவது அதற்காகத்தான். காலையில் உதிர்த்தால் ஆரஞ்சு நிறம். ஒன்றிரண்டு நாளில் அது செம்பழுப்பாக இறங்கும். பித்த உடம்புக்கு நன்றாகச் சிவக்கும் என்பார்கள் பாட்டிகள். பித்தம் இருக்கட்டும், உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் தோல் தடிமன், அதனால் அங்கே ஆழமாகப் பிடிக்கும். புறங்கையில் வெளிறித்தான் இருக்கும். கொட்டைப்பாக்கு, புளி, எலுமிச்சை, தேயிலை டிகாக்‌ஷன் என்று என்ன சேர்த்தாலும் கைக்குக் கரி நிறம் வராது.

இந்தச் செடிக்கு லாசோனியா என்று 1753-ல் தாவரவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். அவருடைய மாணவர் கோனிக், 1768-ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து இந்தக் கடற்கரையில் செடி செடியாகச் சேகரித்தார். இவ்வளவு காலமாக எல்லோரும் அறிந்த செடியின் பெயரை ஒட்டிக்கொண்டு வேறொரு சரக்கு விற்பதுதான் வேடிக்கை.

அந்தச் சரக்கு என்ன? கறுப்பாகப் பிடிக்க வைப்பது பாரா-ஃபீனைலீன்டையமின், சுருக்கமாக பி.பி.டி. தலைச்சாயத்தில் சேர்க்கும் ரசாயனம் இது. ஐரோப்பிய நாடுகளில் தலைச்சாயத்தில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தோலில் வரைய அனுமதியே இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மருதாணியை முடிக்கு மட்டும்தான் அனுமதித்திருக்கிறது. சில நிமிடத்தில் அடர்சிவப்பாகப் பிடிக்கிற ‘எமர்ஜென்சி’ கோன்களில் சோடியம் பிக்ரமேட் போன்ற வேறு செயற்கைச் சாயங்கள் கலந்திருப்பதுண்டு.

கொப்புளம் ஆறிவிடும், தழும்பும் சிலருக்கு மங்கிவிடும். ஆறாதது ஒவ்வாமை. உடம்பு ஒருமுறை பி.பி.டி.யை எதிரியாகக் குறித்துக்கொண்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். பத்து வயதில் திருவிழாக் கடையில் கறுப்பு டாட்டூ வரைந்துகொண்ட பெண், நாற்பது வயதில் முதல்முறை தலைச்சாயம் போடும்போது முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் தவிக்கலாம். சில துணிச்சாயங்கள், மரத்துப்போகச் செய்யும் களிம்புகள்கூட அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

நல்ல மருதாணிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, சுத்தமான மருதாணிகூட ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். மஞ்சள் காமாலையும் கடும் ரத்தசோகையும் வந்து உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குறைபாடு இருப்பது முன்கூட்டித் தெரியாது. பெயர்சூட்டு விழாவென்று கைக்குழந்தையின் பாதம் முழுக்க மருதாணி அப்புவதை விட்டுவிடலாம். குழந்தைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கோனைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? அரைத்த இலை சாதாரண வெப்பத்தில் சில நாளில் வீரியம் போய்விடும். கெடாமல் வைக்க ஃப்ரிட்ஜ் வேண்டும். பெட்டிக்கடைக் கொடியில் மாதக்கணக்காகத் தொங்கும் கோனில் இலை மட்டும் இருக்க வழியில்லை. மூடியைத் திறந்தால் இலை வாசனையோ, சேர்த்த தைலத்தின் வாசனையோ வர வேண்டும். மண்ணெண்ணெய் நெடி அடித்தால் வேண்டாம். அரைமணி நேரத்தில் கறுக்கும் என்று கடைக்காரர் சொன்னால், அதற்கு மேல் சோதனையே தேவையில்லை.

தலைக்கு வருவோம். ‘பிளாக் ஹென்னா’ என்று இலைப் படம் போட்டு விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் பி.பி.டி. உண்டு. அப்படிப்பட்ட சாயத்தின் உறையில், தோல் எரிச்சல் வரலாம், முன்சோதனை செய்ய வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வை போகக்கூடும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். சோதனை எளிது. கலவையில் ஒரு துளியைக் காதுக்குப் பின்னால் தடவி, 24 மணி நேரம் பொறுத்துக் கழுவிப் பார்க்க வேண்டும். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று விடக் கூடாது, ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். ரசாயனம் இல்லாமலே முடி கறுக்க வழி உண்டு: முதலில் மருதாணி, அலசிய பிறகு அவுரி இலைப்பொடி. நேரம் பிடிக்கும், சில வாரத்தில் வேர்ப்பக்கம் மறுபடி நரை தெரியும். மருதாணி முடியைக் கொஞ்சம் வறளவும் வைக்கும். தயிர் சேர்ப்பதும் மறுநாள் எண்ணெய் தேய்ப்பதும் அதற்குத்தான்.

தப்பித்தவறி எரிச்சல் தொடங்கிவிட்டால் உடனே வழித்தெடுத்து ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பேஸ்ட், மஞ்சள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். முகமோ தொண்டையோ வீங்கினால், மூச்சு முட்டினால், 108.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவோர்தான் குறைவு. கோனும் தலைச்சாயமும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வருபவை. தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி, சேர்மானம் உறையில் இருக்க வேண்டும். இல்லாத சரக்கைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கும் உரிமையைப் பொதுமக்களுக்கே தருகிறது.

நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நண்டலாறு தாண்டினால் காரைக்கால், அது புதுச்சேரி அரசு. அங்கே வாங்கியதற்கு இங்கே எப்படிக் கேட்பது என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பணம் வாங்கிக்கொண்டு வரைந்த பார்லரையும் எதிர்த்துக் கேட்கலாம். வழி தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள்.

வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கையில் வேண்டியது பில், புண்ணின் போட்டோ, மருத்துவர் சீட்டு, மிச்சக் கோன். பில்லை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். கோனைப் பதினைந்து நாளாவது தூக்கி எறியாதீர்கள்.