மலிவுப் பலகையும் மாணவர் கைப்பணமும்

விலை மலிந்த பொருளைக் கண்டால் ஐயுறுவது நம்மவர் இயல்பு. அவ்வியல்பு பெரும்பாலும் நன்மையே பயக்கும். ஆயின், இலத்திரனியலைப் பொழுதுபோக்காகக் கொள்ள விழையும் மாணவன் ஒருவன், இணையக் கடையில் ஒரே தோற்றமுடைய இரு பலகைகளைக் கண்டு, ஒன்றன் விலை மற்றதன் விலையில் அரைவாசிக்கும் குறைவாயிருப்பதைத் தந்தையிடம் காட்டும்போது, "மலிவானது போலியாகத்தான் இருக்கும்" என்று அவர் ஒரே சொல்லில் முடித்துவிடுவாராயின், அது முழு நீதியன்று. இப்பொருளில் மலிவு வேறு, போலி வேறு. அவ்வேறுபாடு அறியாமையாற் பணத்தை இழப்போரும் உளர். வாங்காமலே ஆசையை அடக்கிக்கொள்வோரும் உளர்.

பலகை என நாம் குறிப்பது யாது? உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகடு. அதன்மேல் மைக்ரோகொன்ட்ரோலர் எனப்படும் சில்லு ஒன்று. கணினியில் எழுதிய கட்டளைகளை யூ.எஸ்.பி. கேபிள் வழியே அதனுள் ஏற்றிவிட்டால், பின்னர் அது கணினியின் துணையின்றியே விளக்கேற்றும், வெப்பநிலை அளக்கும், பூந்தொட்டியின் ஈரம் குறைந்தால் ஒலியெழுப்பும். பலரும் விரும்பும் ஆர்டுயினோ ஊனோ பலகையிற் கட்டளைகளுக்கென உள்ள நினைவகம் 32 கிலோபைற்று மட்டுமே. கைத்தொலைபேசியிற் பிடித்த ஒரு புகைப்படம்கூட அதனுள் அடங்காது. எனினும், சிந்திக்கக் கற்கும் சிறுவனுக்கு அது பெருவெளி.

இப்பலகை பிறந்தது இத்தாலியின் வடபாலுள்ள இவ்ரேயா நகரில், 2005ஆம் ஆண்டில். ஒலிவெற்றி தட்டச்சுப் பொறிகளால் உலகறிந்த ஊர் அது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிலையத்திற் கற்பித்த மாசிமோ பான்சியும் அவர்தம் தோழரும், மாணவர் வாங்கத்தக்க விலையில் ஒரு பலகை வேண்டுமென முயன்றனர். கொலம்பிய நாட்டு மாணவர் எர்னாந்தோ பராகான் 2003இல் தம் ஆய்வுக்கெனத் தொடங்கிய 'வயரிங்' என்னும் ஆக்கமே அதற்கு அடிப்படை. ஆர்டுயினோவின் புகழுக்கேற்ப அவர் பெயர் ஒலிக்கவில்லை என்பது எமது மனக்குறை. கல்வி நிலையம் மூடப்படும் நிலையில் இருந்தமையால், தம் உழைப்பும் அதனோடு மறைந்துபோகாதிருக்கும்பொருட்டு, பலகையின் வரைபடங்களை யாவரும் எடுத்தாளலாமென உலகுக்கு வழங்கிவிட்டனர். பெயரை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டனர். அதுவும் அவ்வூர் மதுச்சாலை ஒன்றிலிருந்து வந்த பெயரே. மதுச்சாலைக்கோ 1002இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்துயினோவின் பெயர்!

ஆதலின், சீனத்துத் தொழிற்சாலை ஒன்று அவ்வரைபடத்தைக் கொண்டு பலகை செய்து, தன் பெயரைப் பொறித்துக் குறைந்த விலைக்கு விற்பது களவன்று. ஆர்டுயினோ என்னும் பெயரையும் இலச்சினையையும் தானே பொறித்து விற்குமாயின், அதுவே போலி.

விலை எவ்வாறு குறைகின்றது? பெரும்பாலும் கணினியோடு பேசும் சில்லிலேதான். மூல ஊனோவில் அவ்வேலைக்கென இன்னொரு மைக்ரோகொன்ட்ரோலர் உண்டு. மலிவுப் பலகையில் அதற்குப் பதிலாக சி.எச். 340 என்னும் சீனச் சில்லு அமர்கின்றது. குறை கூறத்தக்கதன்று; சில கணினிகளில் அதற்கெனத் தனி இயக்கி மென்பொருளை நிறுவவேண்டிவரும், அவ்வளவே. பலகை பழுதென்று பலர் வீசுவது இம்மென்பொருள் இல்லாமையாலேதான்.

உண்மையான இடர் வேறிடத்தில் உண்டு. கிளாஸ்கோ நகரத்து எப்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் சில்லுகளைப் போலவே பெயர் பொறித்த கள்ளச் சில்லுகள் பல மலிவுப் பலகைகளில் ஏறியிருந்தன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில், விண்டோஸ் மென்பொருளின் வழமையான புதுப்பித்தலோடு வந்த அந்நிறுவனத்தின் இயக்கி, கள்ளச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கிற்று. நேற்றுவரை இயங்கிய பலகையை இன்று கணினி அறியவில்லை. கண்டனம் எழவே அது மீளப்பெறப்பட்டது. கள்ளம் செய்தவன் எங்கோ இருக்க, அறியாது வாங்கியவனே தண்டனை ஏற்றான். தன் சொந்தப் பெயரோடு வரும் எளிய சில்லு, பிறர் பெயர் திருடிய உயர்ந்த சில்லினும் மேல் என்று நாம் கொள்வது இதனாலேதான்.

மலிவை நாடுவோர் மூலப் பலகைகளிலும் மலிவானவை உண்டென்பதை மறத்தலாகாது. இங்கிலாந்தின் ராஸ்பெரி பை நிறுவனம் 2021 சனவரியில் வெளியிட்ட பிக்கோ பலகைக்குக் குறித்த விலை 4 டொலர். ஆயின், முதலில் வெளியான பிக்கோவில் ஊசிமுனைகள் பற்றாசு வைக்கப்படாமலே வரும்; பற்றாசுக் கோல் இல்லாத வீட்டில் அது பயன்படாது கிடக்கும். மேலும், ஊனோ 5 வோல்ற்றில் இயங்குவது. பிக்கோவின் முனைகளோ 3.3 வோல்ற்றுக்கே உரியன. ஊனோவுக்கென வாங்கிய உணரியைப் பாராமற் பிக்கோவில் தொடுத்தாற் சில்லு கெடவுங்கூடும். வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ற்றைப் பிள்ளைகள் எப்பலகையோடும் இணைக்கவே கூடாது. பெற்றோர் இதில் இரக்கம் காட்டவேண்டா.

கடல் கடந்து வரும் பொதி பல வாரம் எடுக்கலாம். பழுதாயின் திருப்பியனுப்பும் செலவு பலகையின் விலையை விழுங்கிவிடும். அஞ்சற் செலவையும் வரியையும் கூட்டிப் பார்த்தபின், உள்ளூர்க் கடைக்காரர் சொல்லும் விலை சற்றுக் கூடினாலும், கையிற் பார்த்து வாங்கி மாற்றிக்கொள்ளக்கூடிய அவ்வழியே முதற்பலகைக்கு ஏற்றதென்பது எமது கருத்து. இரண்டாவதை இணையத்தில் வாங்கலாம்.

ஊனோ கைக்கு வந்ததும் முதற்செய்யவேண்டியது, 13ஆம் முனையோடு இணைந்த சிறுவிளக்கை மினுக்கச் செய்தலாகும். அதற்கான கட்டளை மென்பொருளோடு உதாரணமாகவே வருகின்றது. அதிலுள்ள 1000 என்னும் எண்ணை 200 ஆக்கி மீண்டும் ஏற்றினால், விளக்கு விரைந்து மினுங்கும். மினுங்காவிடிற் பலகையைப் பழிக்குமுன் கேபிளை மாற்றிப் பார்க்க. மின்னேற்றுவதற்கு மட்டுமே உதவும் கேபிள்கள் பல வீடுகளில் உள.