வீடே கிடங்கானால் விழிப்பு இருமடங்கு வேண்டும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. தீபாவளி, பொங்கல் நெருங்கினால் கடையில் கொள்ளாத சரக்கு வீட்டுக்கு ஏறிவிடும். எண்ணெய் டின், தீப்பெட்டி, கற்பூரம், சாக்கு எல்லாம் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும்.

நமக்கு அருகே ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரி 23 அன்று, திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் மின்கசிவால் பிடித்த தீ, மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. 2017 மே 31-இல் சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக்கடையே எரிந்து இடிந்தது. பெரிய முதலாளிகளுக்கே அந்தக் கதி என்றால், சிறு வணிகர் நாம் எம்மாத்திரம்?

செய்ய வேண்டியவை:

* ஒரே பிளக்கில் ஃபிரிட்ஜ், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் என்று சொருகக் கூடாது. சுமை கூடினால் ஒயர் சூடேறி உறை உருகும்.

* ஃபியூஸ் போனால் தடித்த கம்பி கட்டக் கூடாது.

* எம்.சி.பி. ஒயரைக் காக்கும், உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

* மீட்டர் பலகை அடியிலும் மாடிப்படியிலும் மூட்டை அடுக்கக் கூடாது. தப்பி ஓடும் வழி அதுதான்.

* மின்சாரத் தீக்கும் எண்ணெய்த் தீக்கும் தண்ணீர் ஆகாது. மெயினை அணைத்து, 101-ஐ அழைக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று: தீ காப்பீட்டில் பாலிசியில் குறித்த இடத்துச் சரக்குக்குத்தான் இழப்பீடு. வீட்டிலுள்ள சரக்கு அதில் சேர்ந்திருக்கிறதா? இன்றே எடுத்துப் பார்ப்போம்.