சி கோடு வரலைன்னா ரிசல்ட் செல்லாது... ஏன்? பிரெக்னன்சி கார்டுக்குள் இருக்கும் நானோ அறிவியல்!

நெமிலிச்சேரியில் எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் பிரெக்னன்சி கார்டு கிடைக்கும். சில சொட்டு சிறுநீர் விட்டால் போதும், சில நிமிடங்களில் பதில். ஒரு கோடா, இரண்டு கோடா என்பதைப் பார்க்க ஒரு குடும்பமே காத்திருக்கும். அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது?

வெள்ளைப் பட்டையில் என்ன இருக்கு?

புது கார்டிலேயே இரண்டு கோடுகளும் போடப்பட்டிருக்கும். ஆனால் அது மை இல்லை, ஆன்டிபாடி எனும் புரதம். அதனால் கண்ணுக்குத் தெரியாது.

சொட்டு விடும் இடத்துக்குப் பக்கத்தில் தங்கத் துகள்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்த அளவில் தங்கம் சிவப்பாகத் தெரியும்.

கர்ப்பத்தில் சுரக்கும் ஹெச்சிஜி ஹார்மோன் இருந்தால், துகளில் உள்ள ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொண்டு ஈரத்தோடு நகரும். 'டி' கோட்டில் உள்ள ஆன்டிபாடி அந்த ஹார்மோனை மறுபக்கம் பிடித்து நிறுத்தும். துகள்கள் அங்கே குவிய, சிவப்புக் கோடு தெரியும்.

சி கோடு எதுக்கு?

இது ஹார்மோனைத் தேடாது. துகளில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியையே பிடிக்கும். கர்ப்பமோ இல்லையோ, இந்தக் கோடு வந்தே ஆகணும். வரலைன்னா ஈரம் சரியாக நகரவில்லை, அல்லது ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கலாம். அப்போது 'டி' தெரிந்தாலும் ரிசல்ட் செல்லாது.

நானோ அளவில் எப்படி வரைகிறார்கள்?

கார்டில் உள்ள கோடு மில்லிமீட்டர் கணக்கு. அதைவிடப் பல மடங்கு சிறிதாக வரைய ஆய்வகங்கள் முயல்கின்றன. 1993-ல் ஹார்வர்டில் அமித் குமாரும் ஜார்ஜ் வைட்சைட்ஸும் ரப்பர் ஸ்டாம்ப் போன்ற அச்சால் தங்கப் பரப்பில் மூலக்கூறுகளைப் பதித்தார்கள். 1999-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சாட் மிர்கின் குழு, மிக நுண்ணிய ஊசிமுனையைப் பேனா போலப் பயன்படுத்தி, சுமார் 30 நானோமீட்டர் அகலக் கோடு போட்டது. 2002-ல் இதே முறையில் புரதப் புள்ளிகளும் வந்தன.

சவால் என்னன்னா, பரப்பில் ஒட்டும்போது புரதம் உருக்குலையலாம். பிடிக்கும் பக்கம் அடியில் மாட்டிக்கலாம். அப்படி ஆனால் கோடு இருந்தும் பயனில்லை. இதைச் சரியாகச் செய்தால், ஒரு சொட்டு ரத்தத்திலேயே பல சோதனைகளைச் செய்ய வழி கிடைக்கும்.

இந்தியாவில்?

2020-ல் டெல்லியின் சிஎஸ்ஐஆர் - ஐஜிஐபி விஞ்ஞானிகள் உருவாக்கிய 'ஃபெலூடா' கொரோனா சோதனையிலும் ரிசல்ட் காட்டியது இப்படியொரு காகிதப் பட்டைக் கோடுதான்.

கார்டு பயன்படுத்துவோர் கவனத்துக்கு:

* முதலில் 'சி' கோட்டைப் பாருங்கள். அது இல்லைன்னா புது கார்டில் மறுபடி சோதியுங்கள்.
* கவரில் சொன்ன நேரத்துக்குள் பாருங்கள். காய்ந்த பிறகு தெரியும் மங்கல் கோட்டை நம்ப வேண்டாம்.
* எந்த ரிசல்ட்டாக இருந்தாலும் சந்தேகம் என்றால் டாக்டரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.