புதுக் காரின் பளபளப்பு எங்கே போகிறது?

புதுக் கார் வாங்கியாயிற்று. அடுத்த வேலை என்ன?

மதுரைப் பக்கத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கார் நேரே திருப்பரங்குன்றத்துக்குப் போகும். பதினாறுகால் மண்டபத்துப் பக்கம் ஓரமாக நிற்கும். பானெட்டின் மீது சந்தனம், குங்குமம். முன்னால் ஒரு மாலை. நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பழத்தை நசுக்கிக்கொண்டு கார் கிளம்பும்போது அந்த வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவார்!

அதே கார் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறது? பளபளப்பு பாதிதான் இருக்கும். முன்பக்கம் ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்னப் புள்ளிகள். மேலே வெள்ளை வெள்ளையாக நீர்த் திட்டுகள்.

கோவில் பக்கம் ஒரு டாக்சி டிரைவரைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் பிறருடைய காரை ஓட்டியவர். இப்போது சொந்தக் கார், கருநீல நிறம். கடனுக்கு வாங்கியது. தவணை இன்னும் மூன்று வருடத்துக்குப் பாக்கி இருக்கிறது.

"தினமும் குளிப்பாட்டுறேன் சார். என் மகனைக்கூட இப்படிக் குளிப்பாட்டுனதில்லை. ஆனாலும் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியா நிக்குது பாருங்க" என்றார்.

"எத்தனை மணிக்குக் கழுவுவீங்க அண்ணே?"

"சவாரி முடிஞ்சு வந்ததும். பன்னண்டு, ஒரு மணிக்கு."

"தண்ணி?"

"வீட்டு போர்த் தண்ணிதான்."

விஷயம் அங்கேதான் இருக்கிறது!

வெந்நீர்ப் பாத்திரம் சொல்லும் கதை

உப்புத் தண்ணீரில் வெந்நீர் போடும் பாத்திரத்தைத் தாய்மார்கள் அறிவார்கள். நாளாக ஆக அடியில் வெள்ளையாக ஓடு கட்டும். தண்ணீர் ஆவியாகப் போய்விட, அதில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அங்கேயே தங்கிவிடுகின்றன.

காரின் மேலும் இதுதான் நடக்கிறது. நடுப்பகல் வெயிலில் காரின் தகடு தோசைக்கல் போலச் சுடும். அதன் மேல் விழுந்த துளி துடைப்பதற்குள் காய்ந்துவிடும். நீர் போகும், உப்பு நிற்கும். ஒவ்வொரு துளிக்கும் ஒரு வட்டம்! அன்றே துடைத்தால் போய்விடும். அதன் மேல் மறுநாள் துளி, அதற்கு மறுநாள் துளி என்று விட்டுவிட்டால் வெயிலில் இறுகிப் பெயிண்டையே அரிக்கத் தொடங்கும்.

குடிதண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் 2012-ல் வரையறுத்தது. சோப்புப் போட்டால் நுரை வராமல் திரிகிறதா? அந்தத் தண்ணீர் காருக்கு ஆகாது.

இங்கே ஒரு தவறைச் சொல்லவேண்டும். வீட்டில் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று, பலர் அதைப் பிடித்துவைத்துக் கார் கழுவுகிறார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் குடிதண்ணீரிலிருந்து நீக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தானே சேருகிறது? போர்த் தண்ணீரை விட அது மோசம். அதைக் கொண்டு தரை கழுவுங்கள்.

அதற்குப் பதில், ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து நீரானது. உப்பு அநேகமாகக் கிடையாது. கார் முழுவதையும் போர்த் தண்ணீரில் கழுவி, கடைசியாக இந்தத் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ ஊற்றி அலசலாம். உடனே மெத்தென்ற துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கழுவும் நேரம் அதிகாலை, அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால் ஆறட்டும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைப் போக்கவேண்டும். காலையில் எழுந்ததும் உலர்ந்த துணியால் காரைத் தட்டித் துடைக்கிறார்களே, அது தூசியைக் கொண்டு காரைத் தேய்ப்பதற்குச் சமம். தூசியில் மணல் இருக்கிறது. மணல் பெயிண்டை விடக் கெட்டி.

திட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டதா? வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து, ஓரிரு நிமிடம் போட்டுவைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். பித்தளைக் குடத்துக்குப் புளி போடுவது போலத்தான். புளிப்பு உப்பைக் கரைக்கும். அதற்காகக் காருக்குப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! கோதும் நாரும் கீறிவிடும். வினிகருக்கும் போகாத திட்டு பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அதற்கு பாலிஷ் போடுகிறவரிடம்தான் போகவேண்டும்.

தலைமுடி கனம்!

பெயிண்ட் எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, அதன் மேல் ஒரு பூச்சு, பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இத்தனையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றே கூடுதல். ஒரு தலைமுடியின் கனத்தை விட அதிகம் சொல்ல முடியாது. லட்சக்கணக்கான ரூபாய்க் காரை வெயில், மழை, கல் எல்லாவற்றிலிருந்தும் காப்பது இவ்வளவுதான்.

முற்காலத்தில் காருக்கு வார்னிஷைத் தூரிகையால் பூசினார்கள். காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1920-களில் அமெரிக்காவில் 'டூக்கோ' என்ற சீக்கிரம் காயும் பெயிண்ட் வந்தது. அது வழக்கொழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நம் ஊர்ப் பட்டறைகளில் 'டூக்கோ' என்ற பேர் மட்டும் இன்னும் போகவில்லை!

கல் எங்கிருந்து வருகிறது?

முன்னால் போகும் வண்டியின் டயர்தான் கவண். சாலையில் கிடக்கும் பொடிக்கல்லை அது பின்னால் வீசுகிறது. அந்தக் கல்லை நோக்கி நம் கார் பாய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. ஜல்லி லாரி தார்ப்பாய் போடாமல் போனால் கேட்கவே வேண்டாம்.

மதுரையில் 1911-ல் மோட்டார்த் தொழிலில் இறங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காருக்கு அந்தக் காலத்துச் சாலை வேறு விதமாகத் தொல்லை கொடுத்ததாம். மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் பஸ் டயரைக் குத்தின. காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று சொல்வார்கள். ஆணிக்குக் காந்தம் உண்டு. கல்லுக்கு ஏது?

தள்ளிப் போவதுதான் வழி. 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன் வண்டிக்கும் நமக்கும் மூன்று நொடி இடைவெளி, அதாவது 60 மீட்டருக்கு மேல், இருக்கட்டும். சக்கரத்துக்குப் பின்னால் மட் ஃபிளாப் மாட்டுங்கள். நம் கதவுக்கும் நல்லது, பின்னால் வருகிறவருக்கும் நல்லது.

கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டுகிறார்களே, அது கல்லைத் தாங்கும். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் தின்னாமலிருக்க வந்த சரக்கு அது. கார் முழுவதும் ஒட்டினால் செலவு ஒரு லட்சத்தை எட்டுவதும் உண்டு. பானெட்டின் முன்பகுதிக்கு மட்டும் ஒட்டினால் போதும் என்பது என் எண்ணம். 'செராமிக் கோட்டிங்' வேறு. அது தண்ணீரை உருட்டிவிடும், கழுவுவது சுலபமாகும். கல்லைத் தடுக்காது. தடுக்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். கைக்கு அடக்கமானது மெழுகு பாலிஷ். பிரேசில் நாட்டில் 'கார்னாபா' என்று ஒரு பனை இருக்கிறது. அதன் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு அதில் சேருகிறது. சில வாரங்களுக்கு ஒரு முறை போடவேண்டும்.

ஏழில் ஒன்று சிவப்பு

அந்த டிரைவரோடு பசுமலைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். பெயிண்டர் குனிந்து பானெட்டைத் தடவிப் பார்த்தார். ஏழு இடத்தில் கல் பட்டிருந்தது. ஆறில் நிறம் மட்டும் போயிருந்தது. ஏழாவது மிளகளவு. அதன் நடுவில் லேசான சிவப்பு.

"இதான் வினை. துரு பெயிண்டுக்கு அடியிலேயே ஓடும். இரும்பை விடத் துரு பருமன். பெயிண்டைத் தூக்கிக் கொப்புளமாக்கிடும். ஒரு மழைக்காலம் விட்டிருந்தா பானெட் முழுசும் அடிக்கணும்" என்றார்.

டிரைவர் முகம் மாறிவிட்டது. பானெட் முழுவதும் அடிக்கச் செலவு பல ஆயிரம். அது மட்டுமா? விற்கப் போகும்போது, "பெயிண்ட் அடிச்ச வண்டி. எங்கேயோ மோதியிருக்கு" என்று விலையைக் குறைப்பார்கள்.

பெயிண்டர் மெல்லிய உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்தார். பிரைமர் தொட்டு வைத்தார். காய்ந்ததும் நிறம், அதன் மேல் பளபளப்புப் பூச்சு. எல்லாம் பல்குச்சி நுனியால்தான். நிறத்தின் எண் காரிலேயே ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது; கடையில் சொன்னால் சின்னப் பாட்டில் கொடுப்பார்கள். சில நூறு ரூபாய்.

வேலை முடிந்ததும் பானெட்டின் மேலே ஒரு வட்டக் கறையைக் காட்டி, "இது என்னண்ணே?" என்று பெயிண்டர் கேட்டார்.

"பூசை போட்ட சந்தனம். சாமி சந்தனம்னு ஒரு வாரம் துடைக்கலை" என்றார் டிரைவர்.

"பொட்டைக் கண்ணாடில வைங்க. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது."

டிரைவர் சற்று யோசித்தார். "முருகன் ஒண்ணும் நினைக்கமாட்டாரே?" என்றார்.

"அவர் மயில்ல போறவரு. அவருக்கு பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பெயிண்டர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.